காலண்டர் அட்டையும் ஈமெயில் லிஸ்ட்டும்

போன ஆவணியில் சிவகாசியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, நான் அனுப்புற கொட்டேஷன் எதுவும் பார்ட்டி கண்ணுலயே படல. எல்லாம் ஸ்பேம்ல கிடக்குதாம். வருஷா வருஷம் வர்ற ஒரு ஸ்கூல் ஆர்டர் கைவிட்டுப் போச்சு" என்றான். அவனுக்குச் சின்ன அச்சகம். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை. கொஞ்ச வருஷமாக வெப்சைட் வழியாகவும் ஆர்டர் எடுக்கிறான்.

துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. யாரிடமோ காசு கொடுத்து ஆறாயிரம் ஈமெயில் முகவரிகள் உள்ள எக்செல் ஃபைல் வாங்கியிருக்கிறான். ஆடிப்பெருக்கு அன்று "புது ஆல்பம் ரெடி" என்று அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் தட்டிவிட்டான். கொட்டேஷன் அனுப்புகிற அதே டொமைனிலிருந்து. கோளாறு அங்கேதான்.

ஒவ்வொரு டொமைனுக்கும் மெயில் நிறுவனங்கள் ஒரு நன்னடத்தைக் கணக்கு வைத்திருக்கின்றன. இல்லாத முகவரிக்கு அனுப்பி மெயில் திரும்பி வந்தால் பெயர் கெடும். வாங்குகிறவர் "ஸ்பேம்" பட்டனை அழுத்தினால் இன்னும் கெடும். விலைக்கு வருகிற லிஸ்ட்டில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்கவென்றே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் இருக்கும். ஜிமெயில் 2024 பிப்ரவரியில் இதைக் கடுமையாக்கியது. புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் பேர் இன்பாக்ஸில் மெயில் விழுந்தால், மூணு பேர் எரிச்சல்பட்டாலே போச்சு. ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் கட்டாயம். முதல் மூன்றும் "இந்த மெயிலை இந்த டொமைன்காரர்தான் அனுப்பினார்" என்பதற்கான முத்திரைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை சரியாக இருந்தாலும் கேட்காதவருக்கு அனுப்பினால் அது ஸ்பேம்தான்.

(இது புதுப் பழக்கமும் இல்லை. 1978 மே மாதம் கேரி தூர்க் என்கிற கம்ப்யூட்டர் விற்பனைக்காரர், அன்றைய அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு விளம்பரம் அனுப்பினார். திட்டும் வாங்கினார், வியாபாரமும் நடந்தது. அந்த ஆசைதான் இன்னும் ஓடுகிறது.)

அவனிடம் நான் சொன்னது: "டேய், நீ அச்சடிக்கிற சரக்கையே கொஞ்சம் பாரு." தினசரி காலண்டரைவிட நல்ல நியூஸ்லெட்டர் எனக்குத் தெரிந்து கிடையாது. மேலே அட்டையில் சாமி படம், கடைப் பெயர், போன் நம்பர். கீழே 365 தாள். வீட்டில் தாளைக் கிழிப்பது கடைக்காரருக்காக அல்ல. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், அமாவாசை எப்போது என்று பார்க்க. பார்க்கிற கண்ணில் கடைப் பெயரும் பட்டுவிடுகிறது, வருஷம் முழுக்க. விளம்பரம் அட்டையோடு சரி. தாளில் இருப்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தேவையானது.

இன்னொன்று, அது யாருக்குப் போகிறது என்பது. மார்கழி பிறந்ததும் வாடிக்கையாளரே வந்து "அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?" என்று கேட்பார். பற்று நோட்டில் கணக்கு உள்ளவருக்கு எடுத்து வைத்திருப்பார்கள். தெருவில் போகிறவருக்கெல்லாம் எந்த அண்ணாச்சியும் நீட்டுவதில்லை, அட்டை விலை அப்படி. ஈமெயில் அனுப்பக் காசு ஆகாது என்பதால்தான் நமக்கு அந்த நிதானம் போய்விட்டது. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஏஜெண்டின் நோட்டிலும் அதே கதைதான்: போன வருஷம் எந்தக் கடை, எத்தனை காலண்டர், எந்தச் சாமி படம், பாக்கி எவ்வளவு. பெயர் குறைவு, ஒவ்வொன்றிலும் விவரம் அதிகம்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து செய்தது இதுதான். விளம்பர மெயிலுக்கு ஒரு சப்டொமைன், கொட்டேஷனுக்குப் பழைய டொமைன், முத்திரைகள் இரண்டிலும். விலைக்கு வாங்கிய லிஸ்ட் மொத்தமும் வெளியே. இதற்குத்தான் அவன் மனசு வரவில்லை. "காசு கொடுத்தது அண்ணே" என்றான். மிஞ்சியது, அவனிடம் ஒருமுறையாவது ஆர்டர் கொடுத்த இருநூத்திச் சொச்சம் பேர். அவர்களுக்கும் "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரே ஒரு மெயில். பதில் சொல்லாதவர்களை விட்டுவிட்டோம். பாதிக்கும் குறைவாகத்தான் தேறினார்கள்.

புது ஆட்களைச் சேர்க்க என்ன கொடுப்பது என்பதில்தான் நேரம் போனது. தள்ளுபடி என்றால் தள்ளுபடிக்காரர்கள்தான் வருவார்கள். அவன் கையில் இருந்த நல்ல சரக்கு வேறு: அடுத்த ஆண்டின் முகூர்த்த நாட்கள், பிடிஎஃப் ஆக. கல்யாணம் வைத்திருக்கிற வீடு தேடுவது அதைத்தான், அடுத்த வேலை பத்திரிகை அடிப்பது. அலுவலகம், பள்ளி, நிதி நிறுவனம் என்றால் அரசு விடுமுறைப் பட்டியல் வந்த அன்றே அனுப்பிவிடுவது. தாள் விலை ஏறப்போகிறது என்றால் முன்கூட்டியே ஒரு வரி. பெயர் கொடுத்தவருக்கு முதலில் உறுதி மெயில் போகும், அதில் அவர் அழுத்தினால்தான் லிஸ்ட்டில் சேர்வார். இதனால் சேர்க்கை குறையும். தப்பான முகவரிகள் வாசலிலேயே நின்றுவிடும். இந்த வருஷ அட்டையின் ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடும் போட்டான், "முகூர்த்த நாள் பட்டியல் வேணுமா?" என்ற கேள்வியோடு.

பெட்டிக்கடைக்காரர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் போன்தான், ஏஜெண்ட்தான். ஈமெயிலில் வருவது கணக்குப் பிரிவு இருக்கிற இடங்கள். ஆட்கள் கொஞ்சம், ஆர்டர் பெரிசு.

கெட்ட பெயர் சரியாக மூணு மாசத்துக்கு மேல் ஆனது. அதுவரை முக்கியமான கொட்டேஷனை அனுப்பிவிட்டு, "ஸ்பேம்ல பாருங்க சார்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த சீசன் அப்படியே போனது. கைவிட்டுப் போன ஸ்கூல் இன்னும் திரும்பவில்லை. நேரில் போய் ஒரு காலண்டர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். போன வாரம், பழைய எக்செல் ஃபைலை அழித்தாயா என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே, அனுப்ப மாட்டேன்" என்றான்.