பழைய மோட்டார் சைக்கிளும் அதன் காபரேற்றரும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வழியில் நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதலிற் குற்றஞ்சாட்டுவது காபரேற்றரையே. கண்ணிற்பட்ட திருகாணிகளையெல்லாம் திருகிப் பார்ப்போரும் உளர். நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியரின் செயல் போன்றது இது. காபரேற்றரின் நோய் தெளிவான குறிகளால் தன்னை வெளிப்படுத்தும். அக்குறிகளை ஒழுங்குமுறையாக ஆராய்வோர்க்குப் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

காபரேற்றரின் தொழில் யாது? பெற்றோலை நுண்துளிகளாக்கி, காற்றுடன் உரிய அளவிற் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதே அதன் தொழில். ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு, நிறைப்படி ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒடுங்கிய கழுத்தினூடாகக் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகின்றது. அதனாற் கீழேயுள்ள கிண்ணத்துப் பெற்றோல், ஜெற் எனப்படும் நுண்துளைகள் வழியாக மேலெழுந்து காற்றிற் கலக்கின்றது. கிண்ணத்துள் இருக்கும் மிதவை பெற்றோலின் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கின்றது.

கலந்த பெற்றோல் ஆவியாதலும் இன்றியமையாதது. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

கலவை இரு வழியாகக் கெடலாம். பெற்றோல் மிகுந்தால் சைலன்சரிற் கரும்புகை தோன்றும். பிளக்கின் முனையிற் கரி படியும். காற்று மிகுந்தால் எஞ்சின் அளவுமீறிச் சூடேறும்; காபரேற்றரின் வாய்வழியே வெடியோசை கேட்கும்; பிளக்கின் முனை வெளிறும். நல்ல கலவை மண்ணிறத்தைத் தரும். இவ்விரண்டிற் பின்னையதே கொடிது. பெற்றோல் குன்றிய கலவையில் நெடுந்தூரம் விரைந்து ஓட்டினால், பிஸ்ரனின் தலை உருகித் துளைபடவுங் கூடும். ஒரு சிறு துளையை அடைத்த தூசியினால் எஞ்சினே பாழாகிவிடும்.

ஆயினும், காபரேற்றரைக் கழற்றுமுன் பிறவற்றைச் சோதித்தல் வேண்டும். பிளக்கிற் பொறி உண்டா? காற்று வடிகட்டி தூய்மையாக உள்ளதா? தாங்கியிலிருந்து பெற்றோல் தடையின்றி இறங்குகின்றதா? சிறிது தூரம் ஓடி நின்று, தாங்கியின் மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கின்றது என அறியலாம்.

அடுத்து, கைப்பிடியை எவ்வளவு திருப்பும்போது குறை தோன்றுகின்றது என்பதை நோக்குக. கைப்பிடியிற் கால், அரை, முக்கால் என அடையாளமிட்டுக்கொண்டால் இது எளிதாகும். நின்ற நிலையிலும் தொடக்கத்திலும் குறை தோன்றினால், பைலட் ஜெற்றையும் அதற்குரிய காற்றுத் திருகாணியையும் ஐயுறலாம். காலிலிருந்து முக்கால் வரை ஊசியே பெரிதும் ஆட்சி செய்கின்றது. அதற்கு மேற்பட்டால் மெயின் ஜெற்றே பொறுப்பு. சோக்கைச் சிறிது மூடியதும் ஓட்டம் சீராகுமாயின், கலவையிற் பெற்றோல் போதாது என்பது உறுதி.

பேர்மிங்ஹாமில் உருவாகி 1967 இல் வெளிவந்த ஆமல் கொன்சென்ரிக் காபரேற்றர், அக்காலத்துப் பி.எஸ்.ஏ., ரயம்ப், நோட்டன் வண்டிகளிற் காணப்படுவது. அவற்றுட் பலவற்றில் பைலட் ஜெற் கழற்ற இயலாதவாறு உள்ளே பதிக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் ஓடாது நின்ற வண்டியிற் பெற்றோல் வற்றிப் பசையாகி, முதலில் இச்சிறு துளையையே அடைக்கும். காற்றுத் திருகாணியைக் கழற்றி, அவ்வழியே துப்புரவு திரவத்தைச் செலுத்திப் பின்னர் காற்றால் ஊதுதல் வேண்டும். கம்பியாற் குத்துதல் ஆகாது. துளை சிறிது பெருத்தாலும் அளவு கெட்டுவிடும். இக்காபரேற்றரை எஞ்சினுடன் பொருத்தும் ஆணிகளை அளவுமீறி இறுக்கினால் அதன் முகப்பு வளைந்துவிடும். அவ்விடைவெளியாற் புறக்காற்று நுழைய, எஞ்சின் நின்ற நிலையில் ஒரு சீராக ஓடாது.

பெற்றோல் வழிந்தோடுமாயின் மிதவையை நோக்குக. அதைக் காதருகே குலுக்கும்போது உள்ளே பெற்றோல் அசையும் ஓசை கேட்டால், மிதவை ஓட்டையாகியுள்ளது. ஓசை இல்லையேல், பெற்றோலைத் தடுக்கும் ஊசியின் முனையில் அழுக்கோ தேய்வோ இருத்தல் கூடும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் நன்று. திருகாணியை எத்தனை சுற்றுத் திருப்பியது என்பதைக் குறித்துக்கொண்டு, எஞ்சின் சூடேறிய பின்னரே முடிவு காண்க. பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது. நிலத்தோடு படர்ந்து தொலைவிலுள்ள தீயையும் சென்றடையும். ஆகவே விளக்கும் அடுப்பும் இல்லாத திறந்த வெளியே இவ்வேலைக்கு உகந்தது. விலையுயர்ந்த கருவிகள் இதற்கு வேண்டுவதில்லை. பொறுமையும் கூர்ந்த நோக்கும் உடையார் கையிற் பழைய வண்டி இன்னும் பல்லாண்டு ஓடும்.