பொதுத்தேர்வும் பள்ளிப் பொறுப்புடைமையும்: முத்துப்பேட்டையை முன்வைத்து

பள்ளியின் பொறுப்புடைமையை மதிப்பெண்ணால் அளக்கும்போது, அப்பொறுப்பு யார்மீது சுமத்தப்படுகிறது என்பது ஆராயத்தக்கது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. அதன் அட்டவணை, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டட வசதி, வேலை நாள்கள் ஆகியவற்றை வரையறுத்தது. தொடக்க வகுப்புகளுக்கு 200 நாள்கள், உயர் தொடக்க வகுப்புகளுக்கு 220 நாள்கள். அங்கு அளக்கப்பட்டது அரசின் கடமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குத் தேர்வையும், மறுதேர்விலும் தவறுவோரை நிறுத்திவைக்க அரசுக்கு அதிகாரத்தையும் அளித்தது. அளவுகோல் குழந்தையின் பக்கம் திரும்பியது.

இத்திருப்பத்தின் பொருளைக் காவிரிக் கடைமடைப் பகுதியான முத்துப்பேட்டை தெளிவாக்கும். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், இவ்வட்டாரத்தின் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் அலையாத்திக் காட்டையும் சிதைத்தது. அப்போது நான்காம் வகுப்பில் பயின்றோரே, 2019 செப்டம்பரில் தமிழக அரசு ஆணையிட்ட ஐந்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதவிருந்தனர். முதல் மூன்றாண்டுகளுக்கு எவரும் நிறுத்திவைக்கப்படார் என அரசு கூறியது. எனினும், இழந்த பள்ளி நாள்களுக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. அவ்விழப்பு குழந்தையின் குறையாகவே பதிவாகும். பரவலான எதிர்ப்பையடுத்து, 2020 பிப்ரவரி 4 அன்று அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

கற்றலை அளத்தல் தேவையற்றதன்று. 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்த தேசிய அடைவு ஆய்வு, மாதிரி மாணவர்வழி மாவட்ட நிலையை அறிந்ததேயன்றி எக்குழந்தையையும் நிறுத்தவில்லை. இழந்த நாள்களையும் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களையும் மதிப்பெண்ணோடு சேர்த்துப் பதியும் அளவீடே அரசையும் பொறுப்பேற்கச் செய்யும்.