கன்டெய்னருக்குள் ஒரு ரவுட்டர்

ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் என்றால் டிரெய்லர் மேல் போகிற இரும்புப் பெட்டிதான். நான் சொல்லப்போவது டாக்கர் கன்டெய்னர். ஆனா கடைசியில் ஒரு லாரியும் வரும்.

அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மைக்ரோடிக் ரவுட்டரின் செட்டிங்கை மொத்தமாக மாற்ற வேண்டியிருந்தது. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. அதனால் முதலில் லேப்டாப்பிலேயே, ரவுட்டர்ஓஎஸ்ஸை டாக்கரில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு சிக்கல். கன்டெய்னர் என்பது குட்டிக் கம்ப்யூட்டர் இல்லை. ஒரே லினக்ஸ் கெர்னலுக்குள் போட்ட தடுப்புச்சுவர். ஒவ்வொன்றுக்கும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், அதாவது தனி இன்டர்ஃபேஸ், தனி ரூட்டிங் டேபிள், தனி ஃபயர்வால் கிடைக்கும். கெர்னல் மட்டும் பொது. 2017-ல் குவாகாவிலிருந்து பிரிந்த எஃப்ஆர்ஆர் மாதிரியானவற்றுக்கு இது கச்சிதம். அவை வெறும் புரோகிராம்கள். பாதையைக் கணக்குப் போட்டு கெர்னலிடம் கொடுத்துவிடும், பாக்கெட்டைக் கடத்துவது கெர்னல் வேலை. ரவுட்டர்ஓஎஸ் அப்படியில்லை. தன் கெர்னலைத் தானே கொண்டுவருகிறது (7-ஆம் பதிப்பில் லினக்ஸ் 5.6.3). வேறொருவர் கெர்னல் மேல் அது உட்காராது.

அப்புறம் எப்படி ஓடுகிறது? கன்டெய்னருக்குள் கியூஎமு. அதற்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின். அதில்தான் சிஹெச்ஆர் என்ற ரவுட்டர்ஓஎஸ் இமேஜ். டாக்கர் கொடுத்த இன்டர்ஃபேஸை ஒரு டேப் இன்டர்ஃபேஸோடு பிரிட்ஜ் போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். கேவிஎம் டிவைஸை கன்டெய்னருக்குத் திறந்துவிட மறந்தால் எல்லாம் சாஃப்ட்வேர் எமுலேஷனில் ஆமையாக நகரும். இன்னொன்று: இலவச லைசென்ஸில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க என் கான்ஃபிகரேஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். 60 நாள் டிரையல் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப்பில் எல்லாம் பாஸ். ஞாயிறு மாற்றினேன். பிங் போனது, லாகின் ஆனது, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். திங்கள் காலை போன்: "சார், ஏஎஸ்என் அப்லோடு ஆகமாட்டேங்குது, வண்டி கேட்டிலேயே நிக்குது." சரக்கு விவரம் வாடிக்கையாளரின் சிஸ்டத்தில் ஏறாமல் லாரி கிளம்ப முடியாது.

காரணம் இதுதான். அங்கே ரவுட்டருக்கு முன்னால் ஒரு மோடம், அது பிபிபிஓஇ லைன். அதற்கு 8 பைட் போக 1492 பைட் பாக்கெட்தான் போகும். பெரிய பாக்கெட் வந்தால் மோடம் "சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். நானோ பாதுகாப்பு என்று நினைத்து, பிங் பதில் தவிர வெளியிலிருந்து வரும் மற்ற ஐசிஎம்பியை எல்லாம் முதல் ரூலிலேயே வெட்டியிருந்தேன். சின்னப் பாக்கெட் போகும். பெரியது சத்தமில்லாமல் காணாமல் போகும். டாக்கர் போட்ட வயர்களோ எல்லாம் 1500. அந்தச் செய்தியை அனுப்ப அங்கே யாருமே இல்லை. என் தப்பான ரூலுக்கு வேலையே வரவில்லை!

ரூலை எடுத்ததும் வண்டி கிளம்பியது. இப்போதெல்லாம் லேபில் மோடத்துக்குப் பதிலாக இன்னொரு சின்ன லினக்ஸ் கன்டெய்னரை வைத்து, அதன் வெளிப்பக்க எம்டியுவை 1492 என்று குறைத்துவிட்டுத்தான் டெஸ்டையே ஆரம்பிக்கிறேன்.