மாநிறத்துக்கு ஒரு முகப்பூச்சு

பேரா மாநிலத்தில் ஈப்போவிலிருந்து லுமுட்டை நோக்கிச் செல்லும் சாலையில், சித்தியவானுக்கு முன்னே அமைந்த ஆயர் தாவாரைச் சுற்றி, முன்னொரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற நிலங்களில் இன்று செம்பனை குலை தள்ளி நிற்கிறது. அக்குலைகளின் எண்ணெய் சமையற்கட்டோடு நின்றுவிடாமல், சௌந்தரிய சாதனங்கள் பலவற்றுக்கும் ஆதார வஸ்துவாகிறது என்பதை, அத்தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களும் நினைத்துப் பார்ப்பது அரிது.

அவ்வெண்ணெயைச் சுமார் 250 பாகை வெப்பத்தில், மிகுந்த அழுத்தத்தில் நீரோடு சேர்த்தால், கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் தனித்தனியே பிரிகின்றன. கிளிசரின் சருமத்தின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஸ்டியரிக் அமிலம் களிம்புக்குத் திண்மை தரும். செம்பனைப் பருப்பின் எண்ணெயில் ஏறக்குறைய பாதியளவுள்ள லாரிக் அமிலமோ முகங்கழுவும் நுரைக்கு மூலம். ஆகையால் புதிதாக ஒப்பனை வியாபாரம் தொடங்க விழையும் பேராக்காரர், கொழுப்புக்காகக் கடல் கடந்து அலைய வேண்டியதில்லை. சிரமமெல்லாம் நிறத்தில் இருக்கிறது.

தொடங்குபவர் பெரும்பாலும் ஒப்பந்த உற்பத்திச்சாலை ஒன்றை அணுகி, ஆயத்தமாக உள்ள மாதிரியைத் தெரிந்து, தம் பெயரை அதன்மேல் ஒட்டிக்கொள்கிறார். வெளிர்நிறத்துக்கென்று சமைத்த பூச்சிலே வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும் அவ்வெண்பொடி மாநிறச் சருமத்தின்மேல் மிகுந்தால், கல்யாண மேடையில் புகைப்பட விளக்கு மின்னியவுடனே மணப்பெண்ணின் முகம் திருநீறு பூசினாற்போல் சாம்பல் பூத்துவிடுகிறது. இதற்குப் பரிகாரம் இரும்பு ஆக்சைடுகளே. மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் இம்மூன்றும் உண்மையில் வெவ்வேறு வகைத் துரு. மஞ்சளைச் சூடேற்றினால் தன்னுள் பிணைந்த நீரை இழந்து சிவப்பாகிவிடும் என்பது சுவையான செய்தி. வெண்பொடியைக் குறைத்து, இம்மூன்றின் விகிதத்தை மாற்றி மாற்றிக் கலந்து, வெயிலிலும் குழல்விளக்கொளியிலும் நம்மவர் முகங்களிலேயே பரீட்சித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

நிறம் கைகூடிய பின்னும், 40 பாகை வெப்பப் பேழையில் மூன்று மாதம் வைத்து, எண்ணெய் பிரிகிறதா, வாடை மாறுகிறதா என்று பார்ப்பது தொழிலில் வழக்கம். நமது புழுக்கத்தில் நுண்ணுயிர்ப் பரீட்சையும் அவசியம்.

அடுத்தது சட்டம். ஆசியான் ஒப்பனைப்பொருள் ஒழுங்குமுறையைத் தழுவி, 2008 முதல் மலேசியாவில் ஒவ்வொரு பண்டத்தையும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்த பிறகே விற்கலாம். பத்து லட்சத்தில் பாதரசம் ஒரு பங்கையும் ஈயம் இருபது பங்கையும் மீறலாகாது. அறிவிப்பு எண் கிடைத்ததனாலேயே பண்டம் உத்தமமானது என்று அரசு சான்றளித்ததாகக் கொள்ளக்கூடாது. பத்திரமான பொருள் என்று நிரூபிக்கும் ஆவணங்களை வைத்திருக்கும் பொறுப்பு விற்பவருடையது.

சிவப்பழகு தருவதாகச் சந்தைக்கு வரும் களிம்புகளில் பாதரசம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது நிறமி உண்டாவதைத் தடுத்து முகத்தை வெளுக்கச் செய்வதோடு, உடலிற் புகுந்து சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அத்தகைய வெண்மையை நம்பிப் புது வியாபாரம் தொடங்குவதைவிட, கருநிறத்துக்கும் மாநிறத்துக்கும் ஒத்த ஒரே பூச்சை ஐந்தாறு சாயல்களில் செவ்வையாகச் செய்து வெளியிடுவதே மேல். வாங்குவோரும், டப்பாவைத் திறப்பதற்கு முன், அதன் பெயரை முகமையின் இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட வேண்டும்.