கடலில்லாத ஊரின் கழிவுநீர்

மும்பையின் கழிவுநீரில் ஒரு பகுதி வொர்லி, பாந்த்ரா கரைகளிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக ஏறத்தாழ 3.4 கி.மீ. தொலைவுக்குப் போய்க் கடலில் கலக்கிறது. பெங்களூருக்கு அந்த வழி கிடையாது. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர் அது. அங்கே விடும் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடி, யாரோ ஒருவருடைய ஏரியில்தான் சேரும். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் இறங்கும் கழிவு, ஒசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

2018 ஜூனில் இந்தத் தண்ணீருக்கு வேறொரு பாதை திறந்தது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், சுருக்கமாக கே.சி. வேலி. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரைக் கிழக்கே கோலார் மாவட்டத்துக்கு அனுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்புவதே நோக்கம்.

சுத்திகரிப்பின் உயிர்நாடி காற்றூட்டும் தொட்டி. குப்பையும் மணலும் நீக்கிய கழிவுநீருக்குள் அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். பழுப்பு நீர் விடாமல் கொப்பளிக்கிறது. அந்த ஆக்சிஜனில் பெருகும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று, திரள்திரளாக ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த தொட்டியில் அவை சேறாகப் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைத்தான் பம்புகள் குழாயில் ஏற்றுகின்றன. மேடுகளில் குழாய்க்குள் தங்கும் காற்று ஓட்டத்தை மறிக்கும் என்பதால், அங்கங்கே காற்று வால்வுகள் வேண்டும்.

முதலில் நிரம்பியது லட்சுமிசாகர ஏரி. அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழேயுள்ள ஏரிக்குத் தண்ணீர் போகும். முன்னோர் வெட்டிய ஏரித்தொடரே மீதி வேலையைச் செய்கிறது. வற்றாத ஆறு இல்லாமல், ஆயிரம் அடிக்குக் கீழே ஆழ்துளைக் கிணறு இறக்கிய மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கியது.

ஆனால் 2018 ஜூலையிலேயே லட்சுமிசாகர ஏரியில் நுரை கிளம்ப, கர்நாடக உயர் நீதிமன்றம் நீர் விடுவதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. மேலே சொன்ன காற்றூட்டலும் படியவைத்தலுமான இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நின்றால் நைட்ரஜனும் பாஸ்பரசும் தண்ணீரில் கணிசமாகத் தங்கிவிடும். பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். அந்தச் சத்துகளையும் நீக்கும் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு வேண்டுமென்று கோலார் மக்கள் கேட்பது இதனால்தான். ஏரியில் இறங்குவது நாளை அவர்கள் கிணற்றில் ஊறும். கடலில் விட்டால் அலை கரைத்துவிடும் என்று நம்பலாம். ஏரியில் அப்படி நம்ப வழியில்லை. எனவே கடலில்லாத நகரம், கடற்கரை நகரத்தைவிடக் கூடுதலாகத் தன் நீரைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.