சரித்திரக் கல்வியும் மன்னார்க் குடும்பக் கதைகளும்

சரித்திரம் என்றதும் மாணவர் மனத்தில் எழுவன அரசர் பெயர்களும் ஆண்டுகளுமே. மன்னார்க் கோட்டை 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயராற் கட்டப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இவற்றைத் தவறின்றி ஒப்புவிக்கும் சிறுவனுக்கு, அக்கோட்டையின் அயலில் வலை உலர்த்தும் தன் பாட்டனுக்கும் சரித்திரத்துக்கும் தொடர்புண்டு என்று தோன்றுவதில்லை. இக்குறையைத் தீர்க்கும் கருவி விலைகொடுத்து வாங்க வேண்டியதன்று. அப்பாச்சியும் உம்மும்மாவும் அப்பாயியும் வீட்டிலிருந்து சொல்லும் கதைகளே அக்கருவி.

கதை வேறு, சரித்திரம் வேறு என்பர் சிலர். அரிப்புக் கரையில் நிற்கும் இடிபாட்டினை நோக்குக. அதனை ஊரார் அல்லிராணிக் கோட்டை என வழங்குவர். அல்லி என்னும் தமிழரசி அங்கிருந்து முத்துக்கரையை ஆண்டாள் என்பது செவிவழிச் செய்தி. உண்மையில் அது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்பார், முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்தற்பொருட்டு, 1801 முதல் 1804 வரையில் கிரேக்கப் பாணித் தூண்களோடு கட்டுவித்த மாளிகையாகும். வகுப்பில் ஒரு சிறுமி அல்லிராணி கதையைத் தொடங்கியதும் ‘அது பொய்’ என வாயடைத்துவிடும் ஆசிரியர் கதையையும் இழக்கிறார், சரித்திரத்தையும் இழக்கிறார். கற்பிக்கத் தெரிந்தவர் கதை முடியுமட்டும் பொறுத்திருப்பார். பின்னரே ஆண்டினைக் கரும்பலகையில் எழுதி வினாவுவார். ஆங்கிலத் தேசாதிபதி கட்டிய வீட்டுக்குத் தமிழரசியின் பெயர் வந்தது ஏன்? கட்டியவர் பெயர் ஊரார் நாவில் நில்லாதது ஏன்? மூச்சடக்கிக் கடலடியிற் சிப்பி அள்ளியவர் யார். ஊதியத்தைக் கொண்டுபோனவர் யார்? 1905இல் நடந்த பெருஞ்சலாபத்தையும், மறு ஆண்டிலேயே முத்துப் பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் குத்தகையாக விடப்பட்டதையும், விரைவில் அவற்றின் வளம் குன்றியதையும் இவ்விடத்திற் சொன்னால் மாணவர் மறவார். அம்மாளிகை கடலரிப்பினாற் சரிந்து வருகிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட எண்ணுவோர் காலந் தாழ்த்தலாகாது.

பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரமும் இத்தகையதே. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். அதன் அடிமரச் சுற்றளவு சுமார் 19 மீற்றர். வகுப்பிற் பாதிப்பேர் கைகோத்து நின்றால் ஆபிரிக்காவைப் பற்றிய பாடம் தானே தொடங்கிவிடும்.

பிறிதொரு பயிற்சி, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொணரச்செய்து அதன் கதையைச் சொல்வித்தல். பாட்டனாரின் றங்குப்பெட்டி ஒன்றே போதும். 1914 தொடங்கித் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடிய கப்பலும், இருகரையிலும் அதனோடு இணைந்த புகையிரதமும், 1964 டிசம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்ததும், அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோனதும் அப்பெட்டியினுள்ளே கிடக்கின்றன. மலையகத்தினின்று வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை இன்னும் முந்திய கதையைக் கொணரக்கூடும். தோட்டவேலை நாடிய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியிற் கொள்ளைநோய்க்கு இரையானோர் பலர். தன்னை இவ்வூருக்குப் புதியவனாக எண்ணியிருந்த பிள்ளை, தன் குலத்தார் கால் பதித்த முதல் மண் இதுவே என அன்று அறிவான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. அடிமைகளாகப் பிறந்தோர் வாய்மொழியை அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டம் 1936 முதல் 1938 வரை கேட்டெழுதிற்று. 2,300க்கு மேற்பட்ட வரலாறுகள் சேர்ந்தன. சொன்னவர்கள் எழுபது வயதைக் கடந்தவர்கள். இன்னும் இருபதாண்டு பொறுத்திருப்பின் அநேகமாக ஒருவரும் எஞ்சியிரார். பின்னர் 1966இல், ஜோர்ஜியா மாநிலத்து மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் மாணவர் தாமே முதியோரை நாடிக் கேட்டெழுதத் தொடங்கினர். ‘பொக்ஸ்பயர்’ என்னும் சஞ்சிகை அதன் பயன். தனுஷ்கோடிக் கப்பலேறிய மன்னாரார் இன்று அந்த எழுபது வயதினரே.

கடினமான கதைகளும் உள. 1544இல் யாழ்ப்பாண மன்னன் படையாற் கத்தோலிக்கர் கொலையுண்டதை ஒரு வீடு சொல்லும். போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்ததை அடுத்த வீடு சொல்லும். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் குடும்பங்கள் தோணியிற் கற்பிட்டி சேர்ந்து, புத்தளப் பகுதியில் அகதிகளாயின. அதே ஆண்டிற் போருக்கஞ்சித் தமிழ்க் குடும்பங்கள் இராமேஸ்வரக் கரைக்கு ஓடின. அன்று பத்து வயதினராயிருந்தோர் இன்று நாற்பதைக் கடந்த பெற்றோர். அவர்தம் மக்கள் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர். இவற்றை வகுப்பிற்குள் விடலாகாது என்பது சிலர் கருத்து. ஆயின் பிள்ளைகள் அவற்றை வீட்டிற் கேட்டுக்கொண்டேயிருக்கின்றனர். அயலான் வீட்டுக் கதையைக் கேட்கும் வாய்ப்பு மட்டுமே அவர்க்கு இல்லை. ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கிடாதிருத்தலும், யார் பெரிது துன்புற்றார் என ஆசிரியர் தீர்ப்புக் கூறாதிருத்தலும் இங்கு இன்றியமையாதன. சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்தவும் கூடாது.

இத்தகைய கதைகளைப் பரிசளிப்பு விழா மேடைக்கெனத் திருத்தி மனப்பாடஞ் செய்விக்கும் வழக்கம் ஒன்றுண்டு. அவ்வாறு செப்பனிட்டபின் எஞ்சுவது ஆசிரியரின் கட்டுரை, பாட்டியின் கதையன்று. அவள் பேசிய பேச்சிலேயே அதனை ஓர் ஏட்டில் எழுதி, சொன்னவர் பெயர், ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். வீட்டார் இசைந்தால் ஒரு பிரதி பாடசாலை நூலகத்தில் இருக்கலாம். மூல ஏடு பிள்ளையிடமே திரும்பிச் செல்லவேண்டும்.