பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில்? டப்பாவில் பார்க்க வேண்டிய 3 குறியீடுகள்

"அண்ணே, ஆயில் மாத்தணும்."

"எது ஊத்தட்டும் தம்பி? சாதாவா, சிந்தெடிக்கா?"

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதில், "நல்லதா ஊத்துங்கண்ணே" என்பதுதான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில், "காருக்கே போடுற ஆயில், பைக்குக்குப் பத்தாதா?" என்று என் 125 சிசி பைக்கில் கார் ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். சில வாரங்களில் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் ரெய்ஸ் ஆனது, வண்டி இழுக்கவில்லை. கடைசியில் கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

ஊற்றியது விலை கூடிய ஆயில்தான். ஆனால், பைக்குக்கான ஆயில் இல்லை.

கார் ஆயில் ஏன் கூடாது?

பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கின்றன. இதைத்தான் 'வெட் கிளட்ச்' என்கிறார்கள். மேனுவல் கியர் கார்களில் கிளட்ச்சில் ஆயில் படாது. கியர்பாக்ஸுக்கும் தனி ஆயில் உண்டு. மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஆனால், கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தான். அது குறைந்தால் கிளட்ச் வழுக்கும்.

1. ஜாஸோ: எம்ஏ-வா, எம்பி-யா?

முதலில் தேட வேண்டியது இந்த ஜப்பானியத் தரக் குறியீட்டை. எம்ஏ என்றால் உராய்வு அதிகம், வெட் கிளட்ச்சுக்கு ஏற்றது. 2006-ல் இதை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வில் பிடிப்பு இன்னும் அதிகம். எம்பி என்றால் உராய்வு குறைவு. கிளட்ச் தனியாக உலர்ந்து இருக்கும் ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்களுக்கு இது ஏற்றது. சில கியர் பைக்குகளுக்கும் தயாரிப்பாளரே எம்பி-யைப் பரிந்துரைப்பது உண்டு. அதனால் மேனுவலில் எது இருக்கிறதோ, அதுதான் சரி.

2. 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50: என்ன அர்த்தம்?

'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறைந்தால் குளிரில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கானது. எஸ்ஏஇ அட்டவணைப்படி அந்தச் சூட்டில் 30 கிரேடு ஆயிலின் அளவு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 50 கிரேடு 16.3 முதல் 21.9. நடு அளவுகளை ஒப்பிட்டால் 50 கிரேடு சுமார் 75% கெட்டி.

"அப்போ வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானே நல்லது?" என்று தோன்றலாம். ஆனால், அதே வெயிலில் ஓடும் ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, பல்சர் 150-க்கு 20டபிள்யூ-50. கிரேடைத் தீர்மானிப்பது ஊர் வெயில் மட்டுமல்ல, இன்ஜினின் வடிவமைப்பும்தான். 30 கேட்கும் இன்ஜினில் 50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். 50 கேட்கும் இன்ஜினில் 30 ஊற்றினால் சூட்டில் ஆயில் படலம் மெலிந்து தேய்மானம் கூடும்.

3. ஏபிஐ: எஸ்எல், எஸ்என்...

முதல் எழுத்து 'எஸ்' என்றால் பெட்ரோல் இன்ஜினுக்கானது. இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னால் போகப் போக, தரம் புதியது. மேனுவல் எஸ்எல் கேட்டால் எஸ்என் போடலாம். ஆனால் ஜாஸோவும் கிரேடும் பொருந்த வேண்டும்.

சிந்தெடிக் தேவையா?

சிந்தெடிக் ஆயில் சூட்டை அதிகம் தாங்கும், விலையும் அதிகம். மேனுவல் கேட்டால் கட்டாயம் போடுங்கள். கேட்காத வண்டிக்கும் போடலாம், தப்பில்லை. ஆனால், 'சிந்தெடிக் போட்டாச்சு' என்று ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறத்தை விட அளவு முக்கியம்

ஆயில் கறுத்தாலே கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. கரியைத் தன்னோடு சுமப்பதும் அதன் வேலைதான். கிலோமீட்டர் அல்லது மாதம், மேனுவலில் சொன்ன இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும்.

அளவில்தான் அசட்டை கூடாது. பல பைக்குகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய 1 லிட்டர்தான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் சீஸ் ஆகவும் வாய்ப்புண்டு. மாதம் இரண்டு முறை, சமதளத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, மேனுவலில் சொன்னபடி அளவைப் பாருங்கள்.

இன்றே மேனுவலில் ஆயில் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை "எது ஊத்தட்டும்?" என்று கேட்டால் அந்தப் போட்டோவைக் காட்டி, "இதுதான்ணே. சீல் உடைக்காத டப்பா, என் முன்னாடியே திறங்க" என்று சொல்லிவிடலாம்.